காய் லோரிக்குப் போட்ட சேற்று டயர்

டயர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று பேசுபவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தார் ரோட்டுக்கு நெடுகக் கோடு போட்ட டயர் போதும். சத்தம் வராது, சீக்கிரம் தேயாது. களிமண்ணில் அது ஒரு காசுக்கு உதவாது. அங்கே டயரின் பூ, அதாவது மேலே வெட்டியிருக்கும் பள்ளமும் மேடும், ஆழமாக, கட்டை கட்டையாக, நல்ல இடைவெளி விட்டு இருக்கவேண்டும். அப்போதுதான் சக்கரம் சுற்றச் சுற்றச் சேறு உதிரும். இல்லாவிட்டால் சேறு அப்பிக்கொண்டு டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும்.

எண்பதுகளில் மலேசியாவில், சபாக் பக்கம், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில் ஆள் லோரி ஓட்டினேன். விடிந்ததும் லயத்து வரிசை வீடுகளில் இருந்த வேலைக்காரச் சனங்களை ஏற்றிக்கொண்டு உள்காட்டுக்குப் போகவேண்டும். கடலோரக் களிமண், வருஷக் கடைசி மழையில் அதை ரோடு என்று சொல்ல நாக்கு கூசும். இன்னொன்று காய் லோரி. டிராக்டர் கொண்டுவந்து கொட்டும் காயைத் தார் ரோட்டோரத்தில் ஏற்றி, தார் ரோட்டிலேயே ஆலைக்குப் போய், தார் ரோட்டிலேயே திரும்பும்.

ஒரு வருஷம் மழைக்கு முன்னால் நாலு சேற்று டயர் வந்தது. பின்சக்கரங்களுக்குச் சரியாக நாலு. நாலையும் காய் லோரிக்குப் போடச் சொன்னார், தோட்டத்து ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் கிராணி. தார் ரோட்டில் ஊளையிட்டுத் தேய்வதற்கு! என் லோரிக்கு அதே பழைய கோட்டு டயர், அதுவும் பூ தேய்ந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். "ஐயா, காய் லோரி சேத்துலயே எறங்குறதில்லங்க. அந்த டயர எனக்குக் குடுங்க."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காய் லோரி எங்கயாச்சும் சிக்குனா காய் அழுகிப்போகும்லா. ஒன் லோரி சிக்குனா ஆளுங்க எறங்கித் தள்ளிக்குவாங்க."

த்தூ! இன்றைக்கு நினைத்தாலும் வாய் கசக்கிறது. அவர் சொன்னது பொய்யில்லை என்பது அதைவிடக் கசப்பு. எங்கள் சனம் தள்ளியது. லோரி சிக்கியதும் யாரும் சொல்லாமலே குதித்து, பனைமட்டையை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டு, சிரித்துக்கொண்டே தள்ளியது. முதல் ஆளாக இறங்குபவள் என் அக்கா. "நாங்க தள்ளாத லோரியாடா?" என்று அதில் ஒரு பெருமை வேறு. மானங்கெட்ட பெருமை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்!" என்று கத்துவேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் டயர் கேட்டேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார்.

மூன்றாவது சனிக்கிழமை போய் அடுத்த திங்கள், கால்வாய்ப் பாலத்து ஏற்றத்தில் லோரி சிக்கியது. "தம்பி, மிதிடா!" என்று பின்னாலிருந்து அக்கா கத்தினாள். மிதித்தேன். சக்கரம் மட்டையைப் பின்னால் தள்ளிவிட்டு வெறுமனே சுற்ற, லோரி வழுக்கி இறங்கியது. மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள். அக்காவின் கால் முழங்கால்வரை சேற்றில் புதைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளுடைய வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

கிராணி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்க்க வந்தார். "விதி, என்னலா செய்யுறது" என்றார். போகும்போது வராந்தாவில் என்னிடம், "அந்தச் சேத்து டயர ஒன் லோரிக்கு மாத்திக்க" என்றார். சீ! பழத்தை அவர் மூஞ்சியில் எறிந்திருக்கவேண்டும். "சரிங்கய்யா" என்றேன்.

அன்று சாயங்காலம் நானும் காய் லோரி ஓட்டுபவனும் மாற்றினோம். இரண்டு லோரியும் எப்போதும் ஒரே கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். சக்கரம் எல்லாம் ஒரே அளவு. கொட்டகைக்குப் பூட்டும் கிடையாது. வேலை முடிய இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜாக்கும் ஸ்பானரும் என் சீட்டுக்கு அடியில் இருந்தன. மூன்று வாரமும் அங்கேதான் இருந்தன. நான் உத்தரவு கேட்டுக்கொண்டிருந்தேன்.