ரெண்டு கையும் ஸ்டீரிங்கில்

பழவங்காடி பிள்ளையாரைக் கும்பிட ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, முன்னால் நின்ற என் ஸ்கூட்டரைக் காரால் இடித்துத் தள்ளிய மனிதர் அவர். நெற்றியில் சந்தனம், கஞ்சி போட்ட வேட்டி. கை முறிந்து கிடந்த நானோ பதற்றத்தில் அவரிடமே "சாரி சார்" என்று சொல்லித் தொலைத்தேன்!

கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்த போலீஸ் ஸ்டேஷனில் அதையே பிடித்துக்கொண்டார்.

"தெற்றோ தப்போ செய்யாதவர் எதுக்கு ஓய் சாரி பறஞ்சீர்? என் ரெண்டு கையும் ஸ்டீரிங்கிலதான் இருந்தது, கேட்டீரா!"

எஸ்.ஐ. அதை நம்பிவிட்டால் எனக்கு நஷ்டஈடு கிடைத்த மாதிரிதான்.

அப்போது கோயில் மணி அடித்தது. பேச்சின் நடுவிலேயே அவருடைய இரண்டு கைகளும் தலைக்கு மேல் குவிந்தன.

"பாருங்க சார், இப்படித்தான் இடிச்சார்!" என்று கத்தினேன்.

எஸ்.ஐ. எங்கே பார்த்தார்? அவரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாவுக்கட்டோடு நின்ற என்னிடம் அந்த மனிதர் உண்மையான அக்கறையோடு கேட்டார்: "நீரு தொழலியா ஓய்?"