பொறாமையோடு கீழ்வேளூருக்கு

தை மாதக் கடைசியில் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். சனிக்கிழமையே முடிந்துவிட்டது. சென்னைக்குப் பஸ் ஞாயிறு இரவுதான். நடுவில் கிடைத்த பகலில் பெரிய கோயிலுக்குப் போனதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் போனது கீழ்வேளூருக்கு, நிஜாமுதீனைப் பார்க்க. பார்க்க என்பதைவிட வேவு பார்க்க என்பதுதான் சரி.

ஆறு வருடங்களுக்கு முன் நானும் அவரும் ஒரே மாதத்தில் வலைப்பதிவு தொடங்கினோம். அவர் அப்போது சவூதியில், தம்மாமில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். நான் சென்னையில், கம்ப்யூட்டர் கம்பெனியில். இருவரும் சுமாராகத்தான் எழுதினோம், ஒருவருக்கொருவர் ‘அருமை’ என்று பின்னூட்டம் போட்டுக்கொண்டோம். பிறகு அவர் ஊர் திரும்பி செல்போன் கடை வைத்தார். அங்கிருந்து அவர் எழுத்து எங்கேயோ போய்விட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். போன ஐப்பசியில் அவருடைய கதை ஒரு பெரிய பத்திரிகையில் வந்தது. அதே பத்திரிகை என் கதைகளை நான்கு முறை திருப்பியிருக்கிறது. அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் கடை மாடியில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு எழுதுகிறவர்கள் கூடுகிறார்கள் என்று படித்திருந்தேன். வேறு யாரோ அவருக்குத் திருத்தி எழுதிக் கொடுக்கிறார்கள் என்பது என் சந்தேகம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

தஞ்சாவூர் ஜங்ஷனில் காலை 7.20க்குப் பாசஞ்சர். டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். ஏறக்குறைய எழுபது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது, அவசரக்காரர்கள் பஸ்ஸில் போங்கள். திருவாரூர் தாண்டியதும் இருபுறமும் பாதி அறுத்த வயல்கள், வரப்போரம் அறுவடை மெஷின்கள். வைக்கோல் தூசி ஜன்னல் வழியாக வந்து சட்டையெல்லாம் ஒட்டியது.

9.25க்குக் கீழ்வேளூர். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரே ஒரு ஆட்டோ. நிஜாம் பாய் செல்போன் கடைக்குப் போகணும் என்றேன். கூட்டத்துக்கு வந்தவன் மாதிரி இருக்கட்டும் என்று என் கதை ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். டிரைவர் என் கையில் இருந்த அந்தக் காகிதக் கட்டைப் பார்த்தார்.

“கதை படிக்கிற கூட்டத்துக்குங்களா? நடந்தே போயிடலாங்க, பத்து நிமிஷம்தான்.”

சவாரியை விட்டுக்கொடுத்த ஆட்டோக்காரரை அன்றுதான் பார்த்தேன். அதைவிட உறுத்தியது இன்னொன்று. நான் எழுதுவது என் தெருவில் என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

மாடியில் நிஜாமையும் சேர்த்து ஏழு பேர். ஓய்வு பெற்ற கிராம அதிகாரி ஒருவர், பஸ் கண்டக்டர் ஒருவர், குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்யும் செல்வராணி என்ற பெண். நிஜாம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நான் கேட்காமலேயே பத்திரிகையில் வந்த கதையின் கைப்பிரதியைக் காட்டினார்.

ஓரங்களில் ஐந்தாறு பேருடைய கையெழுத்து. அகப்பட்டுக்கொண்டாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். படித்துப் பார்த்தால் ஒருவர்கூட ஒரு வாக்கியத்தையும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. எல்லாமே கேள்விகள். ‘இவ்வளவு மழையில் போகிறானே, செருப்பு எங்கே?’ ‘அத்தா இந்த இடத்தில் ஏன் பேசாமல் இருக்கிறார்?’ பதில்களை நிஜாம்தான் எழுதியிருந்தார், சில பக்கங்களை மூன்று முறை.

கடைசிப் பக்கத்தில் ஒரு அச்சுத் துண்டு ஒட்டியிருந்தது. நிஜாம் அந்தக் கதையை முதலில் தன் வலைப்பதிவில் போட்டபோது பெயர் போடாமல் யாரோ எழுதிய பின்னூட்டம்: ‘கடைசிப் பத்தி வாசகனிடம் பிச்சை கேட்கிறது. அதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது.’

“யாருன்னு தெரியலை. ரெண்டு நாள் கடையில வேலையே ஓடலை. அப்புறம் அந்தப் பத்தியை எடுத்துட்டுப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி” என்றார் நிஜாம்.

அதை எழுதியது நான். அவருக்கு வலிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

பிறகு என் கதையைப் படிக்கச் சொன்னார்கள். கணவன் சிங்கப்பூர் போனபின் தனித்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. எல்லோரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக்கூடாது என்பது அங்கே விதி. செல்வராணி கடைசியாகப் பேசினார்.

“எங்க தெருவுலயே எட்டு பேர் வெளிநாட்டுல இருக்காங்க சார், என் வீட்டுக்காரரும்தான். உங்க கதையில இந்தப் பொண்ணு காலையில அழுவுது, சாயங்காலமும் அழுவுது. வாய்க்கா தண்ணிக்கு யாரு சண்டை போடுறா? நெல்லு அறுப்புக்கு முன்னாடி வயல்ல உளுந்து வெதை தெளிக்கணும், அதை யாரு தெளிக்கிறா?”

முகம் எரிந்தது. ஆனால் நான் அந்தப் பெண்ணை ஒரு வேலையும் செய்யவிடாமல் பதினோரு பக்கம் உட்கார வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆறு வருடத்தில் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்கும் இடத்துக்கு நான் போனதும் இல்லை.

இரண்டு மணிக்கு நிஜாம் தன் மொபெட்டில் பஸ் நிறுத்தத்தில் விட வந்தார். சொல்லாமலே போய்விடலாம் என்று திருவாரூர் பஸ் தூரத்தில் தெரியும்வரை நினைத்திருந்தேன். பிறகு, அந்தப் பின்னூட்டம் என்னுடையது என்று சொன்னேன்.

அவர் வண்டிக்கு ஸ்டாண்ட் போடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

“கோவத்துல எழுதினீங்களா?”

“பொறாமையில, பாய்.”

“அன்னிக்கு ரொம்ப வலிச்சுது சார்” என்றார். பஸ் வந்து நின்றபிறகு, “அடுத்த கதையை அனுப்பி வைக்கிறேன். பேரைப் போட்டே சொல்லுங்க” என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: கூட்டம் பத்தரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். தஞ்சாவூரிலிருந்து அந்தப் பாசஞ்சரை விட்டால், திருவாரூர் போய் நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறிக் கீழ்வேளூரில் இறங்குங்கள், அரை மணி நேரம். உங்கள் கதையை ஏழு பிரதி எடுத்துப் போங்கள். ஓரத்தில் நிறைய இடம் விட்டு அச்செடுங்கள்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. இதுவரை ஒருவர் மேல் இருந்தது, இப்போது அந்த ஏழு பேர் மேலும் இருக்கிறது. அவர்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு இருக்கிறது, எனக்கு இல்லை. வேளச்சேரி பக்கம் எழுதுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம்.