சப்பென்றிருந்த நல்ல தண்ணீர்

சுனாமிக்குப் பிறகு, கடலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. அங்கே சுத்திகரிப்பு இயந்திரம் வைக்க நிதி திரட்டச் சிதம்பரத்தில் ஓட்டம் நடத்தினார்கள். மூச்சிரைக்க நானும் ஓடினேன். இயந்திரம் ஓடத் தொடங்கிய அன்று, பிள்ளைகள் குடிப்பதைப் பார்க்கும் ஆவலில் பஸ் ஏறிப் போனேன்.

முதலில் குடித்த சிறுமி முகத்தைச் சுளித்தாள்.

"நல்லாவே இல்லக்கா. சப்புனு இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்போ வூட்ல எந்தத் தண்ணி குடிக்கிற?"

தன் பாட்டிலை நீட்டினாள். ஒரு வாய் குடித்தேன். உப்புக் கரித்தது, விழுங்க முடியாமல் துப்பிவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பாட்டிலைக் கழுவி, புதுக் குழாயில் பிடித்துக் கொடுத்தேன். "குடிம்மா, போகப் போகப் பழகிடும்" என்றேன்.

நல்ல தண்ணீரைப் பழகிக்கொள்ளச் சொல்லி ஒரு குழந்தையிடம் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.