கோட்டைக்கு விழுந்த ஒரே காயம்

ஆல்வின் ட்வெட்டுக்குத் தட்டைப் பாதம். 1917இல் பட்டாளத்தில் சேரப் போனபோது டாக்டர் அவர் காலைப் பார்த்துவிட்டு, "வாத்துக்குத்தான் இப்படி இருக்கும், வீட்டுக்குப் போ" என்றார். ஆல்வின் வீட்டுக்குப் போகவில்லை. நேராக நார்த் பெண்ட்லி ஊரின் ஆயுதக்கிடங்குக்குப் போய்ப் பெருக்கித் துடைக்கும் வேலையில் சேர்ந்தார். பத்து வருடத்தில் அங்கே கேப்டனைவிட அவர் பேச்சுதான் எடுபட்டது.

அந்தக் கட்டடமே ஒரு வேடிக்கை. 1909இல் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குக் கோட்டை ஆசை வந்தது. சுற்றிலும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சோளக்காடு. எதிரி எந்தப் பக்கமிருந்து வருவான் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு கோபுரம் என்று திட்டம். செங்கல் ஒன்றரைக்குத்தான் வந்தது. துப்பாக்கி நீட்டச் சுவரில் விட்ட ஒல்லிச் சந்துகளில் குருவி குடியேறியது. உள்ளே இருந்த கூடம் மட்டும் அசல் வேலை. இரும்புச் சட்டங்கள் கூரையைத் தாங்கின. ஒரு தூண்கூடக் கிடையாது. பட்டாளம் அணிவகுக்கக் கட்டியது கூடைப்பந்துக்கு அளவெடுத்தது போல அமைந்துவிட்டது. ஊரார் மேப்பிள் பலகை பாவினார்கள். அதைப் பளபளப்பாக வைத்திருப்பது ஆல்வின் பொறுப்பு. திங்கட்கிழமைப் பயிற்சிக்கு வரும் உள்ளூர்ப் பகுதிநேர வீரர்கள் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

1927 மார்ச்சில் சிக்கல் வந்தது. வெள்ளிக்கிழமை கர்னல் ஆய்வு. சனிக்கிழமை அதே தரையில் மாவட்டக் கூடைப்பந்து இறுதி ஆட்டம். ஆல்வினின் மகள் சிக்னே ஆடுகிறாள்.

கேப்டன் லிண்ட் மற்ற நாட்களில் இரும்புக்கடை முதலாளி. "ஆல்வின், இந்தத் தடவ பூட்ஸோடதான். இல்லேன்னா நம்ம பட்டாளக் கம்பெனியவே கலைச்சிருவாங்கய்யா."

"அறுபது ஜோடி ஆணி பூட்ஸு நடந்தா, எந்தப் பக்கம் எகிறணும்னு பந்துக்கே தெரியாது கேப்டன்."

"என் கடைல சுத்தியல் வாங்குறவன், எனக்கே உத்தரவு போடுறியா?"

"கடைல நீங்க முதலாளி. இங்க தரைதான் முதலாளி."

வெள்ளிக்கிழமை அறுபது பேரும் வந்தார்கள். வாசலைக் கண்டதும் பழக்கதோஷத்தில் கைகள் தாமாகப் பூட்ஸ் கயிற்றுக்குப் போயின. கேப்டனுடையதும்தான். ஆல்வின் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் அள்ளித் துப்பாக்கி அறையில் வைத்துப் பூட்டினார்.

கர்னல் பர்டிக் வாசலில் வந்து நின்றார். "பூட்ஸ் எங்கேய்யா?"

கேப்டன் அப்போதுதான் குனிந்து தன் காலைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

ஆல்வின் துடைப்பத்தோடு முன்னால் வந்தார். "ஐயா, பூட்ஸும் அரசாங்கச் சொத்து, தரையும் அரசாங்கச் சொத்து. ரெண்டும் அடிச்சுக்குது. அதான் பிரிச்சு வச்சிருக்கேன்."

"நீ யாரு?"

"தரை துடைக்கிறவன். உங்களதையும் கழட்டிட்டா நல்லா இருக்கும். முடியலேன்னா நான் இழுத்து விடுறேன். வயசானவங்களுக்குக் கஷ்டம்தான்."

"யாருக்குய்யா வயசு?"

கர்னல் ரோஷத்தோடு ஒற்றைக் காலில் நின்று முழங்கால் பூட்ஸை இழுத்தார். உடம்பு தள்ளாடியது. பிடிமானத்துக்கு வாளை உருவித் தரையில் ஊன்றினார். வாள் ஓர் அங்குலம் இறங்கி, பலகையில் நின்று ஆடியது.

அறுபது பேரும் ஆல்வினைப் பார்த்தார்கள். ஆல்வின் அந்த ஓட்டையையே பார்த்தார். கர்னலின் காது சிவந்தது.

"இது... அரசாங்கச் சொத்துன்னு சொன்னல்ல?"

"இப்பத்தான் சொன்னேன் ஐயா."

கர்னல் அடுத்த பூட்ஸையும் கழற்றினார். கட்டைவிரல் எட்டிப் பார்த்த காலுறையோடு அணிவகுப்பைப் பார்வையிட்டார். 'ஒழுங்கு சிறப்பு, சத்தம் குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் ஆல்வின் மண்டியிட்டு முழம் போட்டுப் பார்த்தார். ஓட்டை ஆட்டக் கோட்டுக்கு வெளியே இரண்டடி தள்ளி இருந்தது. மறுநாள் பந்து சொன்ன பேச்சு கேட்டது. சிக்னேயின் அணி இரண்டு புள்ளியில் ஜெயித்தது.

அந்த ஓட்டையை ஆல்வின் கடைசிவரை அடைக்கவில்லை. சுற்றி வெள்ளை வட்டம் போட்டு வைத்தார். இந்தக் கோட்டையில் எப்போதாவது சண்டை நடந்ததா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

"நடந்துச்சே. ஒரு கர்னல் தோத்துட்டாரு."