வாத்தியாருக்குக் காய்ச்சிய ஆடாதோடை

அந்த மாரியில் எங்கள் வீட்டு ஆடாதோடைக் கசாயக் குடிநீரை அதிகம் குடித்தவள் நான்தான். எனக்கு இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஏழு வயது மட்டுந்தான் இருந்தது.

குடிநீர் உண்மையில் எதிர்வளவு வீட்டில் இருந்த வாத்தியாருக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புப் பக்கம் எங்கள் குருக்கள்மடத்துக்குப் படிப்பிக்க வந்த தனியாள். சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போகும். மழையில் வாவி பெருகித் தெருவரை வந்த கிழமை, அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் பிடித்தது. அம்மாவின் தங்கை, கலியாணமாகாமல் எங்களோடு இருந்த என் சின்னம்மா, கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கிணற்றடியில் கற்பூரவள்ளி, துளசி, தூதுவளை, ஆடாதோடை எல்லாம் அவர் நட்டவை. ஊரில் எந்தப் பிள்ளை இருமினாலும் தாய்மார் அவரிடந்தான் ஓடி வருவார்கள்.

மூன்று தகரப்பேணித் தண்ணீர் ஒரு பேணியாக வற்றும்வரை சின்னம்மா அடுப்பை விட்டு நகரமாட்டார். வாத்தியாருக்கென்றால் தேனும் விடுவார். எங்களுக்கு வெறும் கசப்புத்தான்.

"முழுக்கக் குடிக்குமட்டும் நிண்டு பார்த்திட்டு வா, மகள்" என்று என்னிடம் பேணியைத் தந்து அனுப்பினார்.

வாத்தியார் பேணிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்குள்ள வேற என்ன போட்டவ?"

"தேன்."

"தேனோ? அதென்னத்துக்குத் தேன்? முதல்ல நீ குடி பாப்பம்."

பாதி குடித்தேன். என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு மீதியை யன்னலால் ஊற்றினார். "மட்டக்களப்பில பொம்பிளையள் மருந்து தந்து ஆம்பிளையளைப் பாயோட ஒட்ட வைச்சிடுவினம், பிறகு ஊர்ப்பக்கம் திரும்பமாட்டாய், கவனமடா எண்டு அம்மா சொல்லித்தான் விட்டவ" என்று தனக்குள் முணுமுணுத்தார்.

அப்போ நானும் பாயோடு ஒட்டிவிடுவேனா? அரைப்பேணி குடித்தவள் நானல்லவா! மறுநாள் விடிய எழும்பியதும் முதல் வேலையாகப் பாயைத் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. எத்தனை நாளில் ஒட்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது? ஐந்து நாளும் இதே கூத்து. "குடிச்சவரா?" என்று சின்னம்மா கேட்பார். "ஓம்" என்பேன். பேணி வெறுமையாகத்தானே இருந்தது.

ஆறாம் நாள் வாத்தியார் எழும்பவில்லை. மூச்சு கறகறவென்று இழுப்பது தெருவுக்கே கேட்டது.

"உன்ட மருந்தக் குடிச்சும் மனுசன் சாகக் கிடக்கான் கா, தங்கச்சி. நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?" என்றார் அம்மா.

சின்னம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பாய் உட்பட எல்லாவற்றையும் அழுதழுது சொல்லிவிட்டேன்.

அடி விழும் என்றுதான் நினைத்தேன். சின்னம்மாவோ சட்டியையும் ஒரு கொத்து இலையையும் வேர்க்கொம்பு என்கிற சுக்கையும் தேனையும் எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு எதிர்வளவுக்குப் போனார். வாத்தியாரின் கண்ணுக்கு முன்னாலேயே அடுப்பு மூட்டிக் காய்ச்சினார். முதல் மிடறைத் தானே குடித்தார்.

"நல்லாப் பாருங்க வாத்தியார். இலை, வேர்க்கொம்பு, தேன். வேற ஒண்டும் இல்ல. இனிக் குடிங்க."

கோபத்தோடு பேணியை அவர் கையில் திணித்தார். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு குடித்தார்.

அதன்பிறகு சின்னம்மா நாள்தோறும் என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்த்தான் காய்ச்சினார். வாத்தியார் ஒவ்வொரு இலையாக எடுத்து இதென்ன, அதென்ன என்று கேட்பார். தெரிந்த இலையையே மறுநாளும் கேட்பார். சின்னம்மா சிரிப்பார். படிப்பிக்கிற மனுசனுக்கு இவ்வளவு மறதியா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. நான் குடிக்கத் தேவையில்லை என்பதே எனக்குப் பெரிய சந்தோசம்.

மழை விட்டது. சுகமாகி எழும்பிய வாத்தியார், ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வாறன் என்று போனார். வந்தது கடிதந்தான். அங்கேயே மாற்றம் கிடைத்துவிட்டதாம், தாய் கலியாணமும் பேசி முடித்துவிட்டாவாம். அப்பா உரக்க வாசித்தார்.

கிணற்றடியில் சின்னம்மா அழுதுகொண்டு நின்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உங்கட மருந்து பலிச்சிட்டுத்தானே சின்னம்மா? அவர் பாயோட ஒட்டவும் இல்ல, நல்லா எழும்பிப் போயிட்டார். பிறகேன் அழுறீங்க?"

சின்னம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். "ஓம் மகள். அந்த மருந்துதான் எனக்குத் தெரியாமப் போச்சு."

சின்னம்மாவுக்குத் தெரியாத மருந்தும் உண்டா! மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் நான் சத்தமாகச் சொன்னேன்: பாயோடு ஒட்டவைக்கிற மருந்தை யாரிடமாவது கேட்டுச் சின்னம்மாவுக்குப் படிப்பித்துவிடுங்கள், பாவம், தெரியாமல் அழுகிறா என்று. அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். அப்பா சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். நான் சொன்னதில் என்ன பிழை என்று அன்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.