பனிக்கடலிலை இடியோ?

இடி இடித்தால் டெலிபோனைத் தொடக்கூடாது. டெலிபோனே இல்லாத வீட்டில் பிறந்த எனக்கும் இது தெரியும். யாழ்ப்பாணத்தில் வானம் ஒரு தரம் உறுமினால் போதும், ரேடியோ வயரைக் கழற்றுவோம், முகம் பார்க்கிற கண்ணாடிக்குத் துணி போடுவோம், "அருச்சுனா, அருச்சுனா" என்று சொல்லிக்கொண்டு ஒரு மூலையில் குந்துவோம். மொன்றியலுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. போகவும் வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. மொன்றியல் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் மனிசனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. வடக்கே பனிக்கடல் ஓரமாகச் சில ஊர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ரோட்டே கிடையாது. கோடையில் ஐஸ் விலகும்போது மா, எண்ணெய், பலகை, கட்டில் எல்லாம் கப்பலில்தான் போய்ச் சேர வேண்டும். கரையில் சாமான் இறக்குகிற ஆட்களில் ஒருவராக இவரும் ஜூலையில் போனார்.

ஒரு நாள் பின்னேரம் அந்த ஊர்களில் ஒன்றிலிருந்து போன் எடுத்தார். யாரோ ஒரு கடைக்காரரின் போன்.

"இஞ்சாரும், ஒரு புதினம் கேட்டீரோ? இஞ்சை இடி இடிக்குது."

"என்ன விசர்க்கதை? அங்கை ஐஸ் எல்லே?"

"சத்தியமா. மின்னலும் வெட்டுது. இஞ்சத்தைச் சனமே வெளியில வந்து வாயைப் பிளந்துகொண்டு நிக்குது. கனபேர் இப்பதான் முதல் முதல் கேக்கினமாம்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, போனுக்குள் படார் என்று ஒரு சத்தம். "ஐயோ, போனை வையுங்கோ! அருச்சுனா எண்டு சொல்லிக்கொண்டு வையுங்கோ!" என்று கத்தினேன். அவர் அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் டக்கென்று போனை வைத்துவிட்டேன். எந்த ஊரில் நிற்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்தேன். ஒரு கிழமை போய்விட்டது.

மேல்வீட்டில் ஒரு அக்கா இருந்தா. அவவும் எங்கள் பக்கம்தான். நல்ல மனிசி, ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லை. புட்டும் சம்பலும் கொண்டுவந்து தந்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா.

"பிள்ளை, நான் சொல்லுறனெண்டு கோவிக்காதை. பனிக்கடலிலை இடியோ? ஆர் கேள்விப்பட்டது? இடி வாறதுக்கு வெக்கை வேணும். ஆள் ரொறன்ரோவிலை நிக்குது போலை. ஆம்பிளையள் இப்பிடி எத்தினை கதை சொல்லுவினம்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "அக்கா, உங்கடை புட்டை எடுத்துக்கொண்டு மேலை போங்கோ" என்றேன். அவ போனா. ஆனால் அவ போட்ட வார்த்தை போகவில்லை. பக்டரியில் பிஸ்கட் பெட்டி ஒட்டிக்கொண்டு நிற்கும்போதும் அதுதான். இடிக்கு வெக்கை வேணும். அங்கே ஏது வெக்கை? அவர் என்னிடம் பொய் சொன்னதே இல்லை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு பொய் சொல்ல வெளிக்கிட்டால், கொஞ்சம் நம்பக்கூடிய பொய்யாகச் சொல்லியிருக்க மாட்டாரா? இதை நினைத்துத்தான் என்னை நானே தேற்றிக்கொண்டேன். இரவில் அதுவும் பலிக்கவில்லை. ஒன்றில் மனிசன் பொய்யன், இல்லாவிட்டால் அந்த இடிக்குள் அவருக்கு என்னவோ நடந்துவிட்டது. எதை விரும்புவது? பொய்யனாகவே இருக்கட்டும், கடவுளே, ரொறன்ரோவிலேயே நிற்கட்டும் என்று கும்பிட்ட நாளும் உண்டு.

ஒரு சனிக்கிழமை காலை யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் முன்பின் தெரியாத ஒரு ஹெயிட்டிப் பெண். ஒரு கையில் குழந்தை. மூச்சு வாங்க வாங்க பிரெஞ்சில் என்னவோ சொன்னா. எனக்கு விளங்கியது இரண்டே சொல்: என் மனிசனின் பெயர், "ஒப்பித்தால்". ஆஸ்பத்திரி!

எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர் என்று கையாலும் காலாலும் கேட்டேன். அவ கீழே நிலத்தைக் காட்டினா. "இசி. மொன்றியல்." இங்கே. இந்த ஊரிலேயே! நான் செருப்பைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

மெட்ரோவில் அவதான் கூட வந்தா. அவவின் பிரெஞ்சும் அரைகுறை ஆங்கிலமும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. இந்த நகரத்தில் ஜூலை முதலாம் தேதி பாதிச் சனம் வீடு மாறும். நாங்களும் மாறினோம், மொன்றியல்-நோர் என்ற பகுதிக்குள்ளேயே இரண்டு தெரு தள்ளி. எங்கள் பழைய வீட்டுக்கும் பழைய போன் நம்பருக்கும் வந்தவ இவ. கப்பல்காரரிடம் இருந்ததும் அந்தப் பழைய நம்பர். ஆஸ்பத்திரியில் இவர் திருப்பித் திருப்பிச் சொன்னதும் அதே நம்பர். பாவம், அந்தப் பெண் எத்தனையோ தரம் "இங்கே அப்படி ஒருவரும் இல்லை" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் கட்டிடத்துச் சொந்தக்காரரிடம் விசாரித்து என்னைத் தேடி வந்திருக்கிறா.

ஆஸ்பத்திரி நேர்ஸ் ஆங்கிலத்தில் சொன்னா. வடக்கிலிருந்து கடும் நோயாளிகளைப் பிளேனில் இங்கேதான் கொண்டுவருவார்களாம். இவர் அன்றைக்குக் கடையிலிருந்து கரைக்கு இறங்கியிருக்கிறார். மின்னல் பக்கத்தில் நிலத்தில் விழுந்து ஆளைத் தூக்கி எறிந்திருக்கிறது. உயிர் தப்பியதே பெரிய காரியம். "ஞாபகம் கொஞ்சம் குழம்பிப்போய் இருக்கிறது, பயப்படாதேங்கோ" என்றா.

நான் மெட்ரோவில் வேலைக்குப் போய் வந்த நாளெல்லாம், மெட்ரோ போகிற தூரத்தில் என் மனிசன் கிடந்திருக்கிறார்.

உள்ளே போனேன். ஒரு காதில் பஞ்சு, பாதத்தில் கட்டு. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "எங்கை போனனீர் இவ்வளவு நேரமும்?" என்றார், நான் கடைக்குப் போய்ப் பிந்தி வந்தது மாதிரி.

"உங்களுக்கு இடி விழுந்தது தெரியுமோ? வடக்கிலை?" என்று அழுதேன்.

அவர் சிரித்தார். "பனிக்கடலிலை இடியோ? ஆர் உமக்கு உந்த விசர்க்கதை சொன்னது?"

"நீங்கள்தான் போனிலை சொன்னனீங்கள்."

"நானோ? நான் இன்னும் போகவே இல்லையே."

அவர் என் கையைப் பிடித்தார்.

"அதுதான் உம்மட்டைக் கேக்கவேணுமெண்டு இருந்தனான். கப்பல்காரருக்கு நாளைக்குப் பதில் சொல்லவேணும். நீர் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. போகட்டோ?"

வைகாசி மாதம், பழைய வீட்டுக் குசினியில், இதே மனிசன் இதே கேள்வியை என்னிடம் கேட்டார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டே "போங்கோவன்" என்று சொல்லியிருந்தேன்.

"வேண்டாம்" என்றேன். "போகாதேங்கோ."

"சரி, அப்ப போகேல்லை" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினார்.