மூத்தவள் பெயரில் என்னைக் கூப்பிடுகிறவர்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. ஐந்துக்கும் வித்தியாசம் காட்டவில்லை என்று வத்தேகமப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். ஆகட்டும், எனக்கென்ன பஸ்ஸா போய்விடப் போகிறது?

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்குப் பாரிசவாதம் வந்தது. காலையில் பல் விளக்கப் போனவர் பைப்படியில் சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துபோயின. அதைவிடப் பெரிய அடி, பேச்சும் போயிற்று. தேயிலை பெக்டரியில் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை அது. அடுத்த லயத்து வீடுகளுக்கும் கேட்கப் பேசுகிற மனுஷன், தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் கண்ணால் காட்டினார்.

கண்டியில் நாங்கள் போகிற ஆஸ்பத்திரியில் ஒரு மூளை டொக்டர் இருக்கிறார். தலை நரைத்த சிங்கள ஐயா. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மறதி நோயையும் பாரிசவாதத்தையும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாராம். அதைப்பற்றி எழுதுகிறார், வெளிநாட்டுக்குப் போய்ப் பேசுகிறார். முதல் நாளே எங்களை உட்காரவைத்து, தட்டித் தடவித் தமிழில் சொன்னார்:

"அம்மா, பேச்சு போனா ரெண்டு வகை. வார்த்தை மட்டும் தொலைஞ்சது ஒண்ணு. நினைவே தொலைஞ்சது ஒண்ணு. வெளியில பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி. அத பிரிச்சுப் பாக்கத்தான் நான் இவ்வளவு காலம் படிக்கிறது."

நல்ல படிப்புத்தான் என்று நினைத்தேன். வார்த்தை தொலைந்தவர்களுக்குக் கிழமைக்கு ஒரு தடவை பேச்சுப் பயிற்சி. நினைவு தொலைந்தவர்களை மறதி கிளினிக்குக்கு அனுப்புவார்கள். அங்கே பயிற்சி இல்லை, மாத்திரைதான். இவரைப் பேச்சுப் பக்கம் போட்டார்கள். கிழமைதோறும் என் மூத்த மகளும் நானும் இவரைக் கைத்தாங்கலாகப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனோம். முதலில் திரும்பி வந்த வார்த்தை ஒரு கெட்ட வார்த்தை. கால் வைப்பதற்குள் மணி அடித்த பஸ் கண்டக்டருக்குக் கிடைத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு "தண்ணி" வந்தது, "வேணாம்" வந்தது.

ஒருநாள் டொக்டருடைய ஆராய்ச்சிக்கு என்று ஒரு பெண்பிள்ளை தாள்களோடு வந்தாள். நன்றாகத் தமிழ் பேசினாள். முதலில் என்னிடம், "வீட்டுக்காரர் பேரு என்னாங்கம்மா?" என்றாள். நான் அவருடைய அடையாள அட்டையை நீட்டினேன். அவள் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள். பிறகு மூத்தவளைக் காட்டி, "இவங்க பேரு என்னா ஐயா?" என்று அவரைக் கேட்டாள். மூத்தவள் பெயரைச் சரியாகச் சொன்னார். என்னைக் காட்டி, "இவங்க?" என்றாள். அதே பெயரைச் சொன்னார். வாயைக் கோணிக்கொண்டு, வியர்க்க வியர்க்கச் சொன்னார். இரண்டு பேரையும் சொல்லிவிட்டாரே என்று நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த கிழமை போனால் பேச்சு அறையில் எங்களுக்கு இடமில்லை. மறதி கிளினிக்குக்கு மாற்றிவிட்டார்களாம். ஏன் என்று கேட்டதற்கு அந்தப் பெண்பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "மனைவிய மகள்னு நெனைக்கிறாருங்கம்மா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எங்கள் ஆட்கள் பெண்சாதியைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். மூத்த பிள்ளை பிறக்கும்வரை "இந்தா" என்பார்கள். பிறந்த பிறகு அந்தப் பிள்ளையின் பெயர்தான் தாய்க்கும். வாசலில் நின்று இவர் மூத்தவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போக வேண்டியவள் நான். பிள்ளையைக் கூப்பிடும்போது பெயர் கட்டையாக முடியும். என்னைக் கூப்பிடும்போது கடைசியில் ஓர் இழுவை இருக்கும், யாரையோ மேட்டிலிருந்து இறங்கிவரச் சொல்கிற மாதிரி. எங்கள் வீட்டில் ஒருநாளும் ஆள் மாறிப் போனதில்லை.

"நீயாச்சும் அங்கயே சொல்லியிருக்கலாம்ல?" என்று மூத்தவளைப் பிடித்தேன்.

"எனக்கு அது வித்தியாசமாவே தெரியலம்மா. பொறந்ததுல இருந்து அப்பிடித்தானே கூப்புடுறாரு. நீங்களும் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தீங்க."

அதுவும் உண்மைதான்.

சரி, என் பெயரையே சொல்ல வைத்துவிடலாம் என்று வீட்டில் முயன்றேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னாங்க, எம்பேரச் சொல்லுங்க" என்பேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நானே என் பெயரை மெதுவாகச் சொல்லிக் காட்டுவேன். "சீ" என்பார். அது தெளிவாக வந்தது.

"வாதம் வந்தும் வெக்கம் போகலியா ஒங்களுக்கு?" என்று கத்தினேன். இடது கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பயிற்சி நின்றதில், திரும்பி வந்த வார்த்தைகளும் குறைந்துகொண்டே போயின. மறுபடியும் செம்பைக் கண்ணால் காட்டத் தொடங்கியபோது, இனி வீட்டில் மல்லுக்கட்டிப் பிரயோசனமில்லை என்று மூத்தவளையும் அவரையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போனேன்.

டொக்டர் அறை வாசலில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனதும் நான் கதிரையில் உட்காரவில்லை. "டொக்டர் ஐயா, இவருக்கு நெனப்பு போகல. நீங்களே பாருங்க" என்று நடந்ததையும் அந்த இழுவையையும் சொன்னேன். பிறகு நானும் மூத்தவளும் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டோம். டொக்டர் அவரிடம், "ஐயா, மகளக் கூப்பிடுங்க" என்றார். பெயர் கட்டையாக வந்தது. மூத்தவள் வெளியே போனாள். "இப்ப வீட்டுக்கார அம்மாவ" என்றார். பிறகு அதே பெயர் வந்தது. நாக்கு புரளவில்லை, எச்சில் வழிந்தது. இழுவை மட்டும் அப்படியே இருந்தது. நான் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "விளங்குது அம்மா" என்றார். "அடுத்த கிழமையிலருந்து பேச்சுப் பயிற்சிக்கு வரட்டும். நான் சொல்றேன். ஆனா ஆராய்ச்சித் தாள்ல போட்டத மாத்த ஏலாது."

"ஏன் ஏலாது?"

"எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே விதி. பேர் சரியா, பிழையா, அது மட்டும்தான் போடலாம். இழுவைய எழுத அதுல இடமில்ல."

"எங்க லயத்துல வயசான ஆம்பளைங்க எல்லாரும் இப்பிடித்தான் கூப்புடுவாங்க ஐயா. அவங்களுக்கு வாதம் வந்தாலும் பொண்டாட்டி தெரியாதவங்கன்னுதான் எழுதுவீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அடுத்த ஆராய்ச்சியில வேற மாதிரிக் கேக்கணும்" என்றார். களைத்துப்போன குரல்.

"அடுத்ததுக்கு நாங்க இருக்கணுமே ஐயா."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. பயிற்சியும் திரும்பக் கிடைத்தது. போன கிழமை "சோறு" வந்தது. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. தொலைந்தது வார்த்தையா நினைவா என்று பிரிக்கத்தானே அவ்வளவு காலம் படித்தார்? வார்த்தை வேறு, நினைவு வேறு என்று கையெட்டும் தூரத்தில் பிரிந்து நின்றதே, அதைப் போட ஓர் இடம் இல்லையாம். இனி அந்தத் தாள் எந்தெந்த நாட்டுக்குப் போகுமோ, அங்கெல்லாம் என் வீட்டுக்காரர் பெண்சாதியை அடையாளம் தெரியாத ஆளாகவே இருப்பார். என்னோடு இவ்வளவு காலம் வாழ்ந்த மனுஷன்!

அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதினேன். அடுத்த தடவை போகும்போது டொக்டர் மேசையில் வைப்பேன். அவர் தாளில் இடமில்லை என்றால் என் தாளில் இருக்கட்டும்.

இந்தா புள்ள, மூத்தவள் மகளே, இங்கே வா. இதை ஒருதடவை வாசித்துக் காட்டு. இங்கே நின்று வாசிக்காதே, தாத்தா கட்டில் பக்கம் போய் அவருக்குக் கேட்க, சத்தமாக வாசி. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள். அவர் என்னைக் கூப்பிடுகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே.